தளம் போடுமுன் கம்பியை யார் பார்க்க வேண்டும்? அவசர உதவி தேவை

வீட்டுக்காரர்: வணக்கம். நாளை மறுநாள் காலை கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட மேஸ்திரி நாள் குறித்துவிட்டார். வரைபடம் தந்த பொறியாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் வந்து பார்த்துத்தான் ஆக வேண்டுமா என்று மேஸ்திரி சலித்துக்கொள்கிறார். வீடு கடலூர் பக்கம். அரசுத் தரப்பில் யாராவது வந்து சரிபார்ப்பார்களா? நானே பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

மஞ்சக்குப்பத்தான்: மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால், 2024 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையிலேயே, அதாவது உரிமையாளரே விதிப்படி கட்டுவதாக உறுதி தருவதை வைத்தே, அனுமதி கிடைக்கிறது. கம்பியைப் பார்க்க அதிகாரி வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

நெய்தல்: கடலூர் பக்கம் என்றால் எல்லையில் உள்ள முள்ளோடைக்குத் தெற்கா, வடக்கா? வடக்கென்றால் அது புதுச்சேரி. மேலே சொன்ன விதி அங்கே செல்லாது. தளத்தின் கனம் என்ன, பெரிய அறையின் அகலம் என்ன, கலவை எது, கம்பிக்கு அடியில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்: கம்பியெல்லாம் கட்டி முடித்த பிறகு ஆலோசனை கேட்க வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கடற்கரைப் பகுதிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) வையுங்கள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர்: கன்னியக்கோயில். கனம் 5 அங்குலம், பெரிய அறை 12 அடி அகலம். கலவையின் வலிமைத் தரம் எம்20, இடத்திலேயே மெஷின் வைத்துக் கலக்கிறார்கள், பிபிசி (போர்ட்லேண்ட் பொஸோலானா) சிமெண்ட். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டு.

கம்பிக்கணக்கு: ஓவர்சியர் ஐயா, 125 மி.மீ. தளத்தில் கவரை மட்டும் 45 ஆக உயர்த்தினால் கம்பி மேலேறிவிடும். எந்த ஆழத்தை நம்பிப் பொறியாளர் கணக்குப் போட்டாரோ அந்த ஆழம் குறைந்து தளம் பலவீனமாகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456, உப்புக்காற்று நேராகப் படாத கடலோரப் பரப்புக்கு எம்25, 30 மி.மீ. கவர் என்றும், நேராகப் படும் பரப்புக்கு எம்30, 45 மி.மீ. என்றும் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. சோதித்து வடிவமைக்காமல் பெட்டியால் அளந்து போடும் கலவை எம்20 வரைதான் செல்லும். எனவே இது மேஸ்திரியும் நாமும் முடிவு செய்யக்கூடியதன்று.

பழைய ஓவர்சியர்: 2011இல் தானே புயல் அடித்ததற்கு முன்பும் பின்பும் இந்தக் கரையில் வேலை பார்த்தவன் நான். துருவேறி அடிப்பூச்சு பெயர்ந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு விதிப்புத்தகம் தேவைப்படாது.

கம்பிக்கணக்கு: துருவை யாரும் மறுக்கவில்லை. கவர் கூடினால் கனமும் கூட வேண்டும் என்பதே என் வாதம். நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நெய்தல்: கேட்டவரின் அவசரத்துக்கு வருவோம். ஜல்லித் துண்டு புரண்டால் கம்பி சென்ட்ரிங் தகட்டில் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அடித்தகடு) படிந்துவிடும். பொறியாளர் சொல்லும் அளவில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்கச் சொல்லுங்கள். சுவர்களுக்கும் பீம்களுக்கும் மேலே வரும் மேல்கம்பியையும், சன்ஷேடு, பால்கனி போன்ற நீட்டல்களில் மேல்பக்கம் இருந்தே ஆக வேண்டிய முக்கியக் கம்பியையும் கட்டாயம் பாருங்கள். சட்டி தூக்குபவர்கள் மிதித்து அது கீழே அமுங்கிப்போவது நாம் அடிக்கடி காணும் கோளாறு. நடக்கப் பலகை போடுங்கள். கம்பியோடு கம்பி சேரும் ஒட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் வரக் கூடாது. தகட்டைத் தாங்கும் சவுக்கு முட்டுகள் நனைந்த மண்ணில் நேரடியாக ஊன்றி நிற்கக் கூடாது. கலவையிலிருந்து 150 மி.மீ. கியூப் (கனசதுர மாதிரி) மூன்று எடுத்து 28ஆம் நாள் வலிமைச் சோதனைக்கு அனுப்புங்கள். பிபிசி என்பதால் பத்து நாளாவது தண்ணீர் நிற்க வேண்டும். அறை 4.5 மீட்டருக்குள் இருப்பதால் முட்டுகளை ஏழு நாளுக்கு முன் எடுக்க விடாதீர்கள். ஆனால் பொறியாளர் பார்க்காமல் கலவை மெஷினை ஓட விடாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்: நாள் தள்ளினால் ஆள் கூலி யார் தருவது என்று மேஸ்திரி கேட்பாரே?

நெய்தல்: கேட்கட்டும். போட்ட தளத்தை உடைக்கும் கூலி அதைவிடப் பெரிது.

வீட்டுக்காரர்: பொறியாளர் வந்து பார்த்தார். கலவையையும் கனத்தையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பால்கனிக் கம்பி கீழே கிடந்தது, பிரித்துக் கட்டுகிறார்கள். தளம் அடுத்த வாரம்.

பழைய ஓவர்சியர்: கனத்தை எவ்வளவு கூட்டினார்?