ஆல்டேர் குட்டி பொட்டியும் எங்க அம்மாவும்: உங்க அனுபவத்தையும் போடுங்க

சுவிட்ச்சாமி:
ஆல்டேர்-டியூனோ கிட் (1975ல வந்த ஆல்டேர் கம்ப்யூட்டரோட நகல், கீபோர்டு கிடையாது, முன்னாடி சுவிட்ச்சும் லைட்டும்தான்) வாங்கி ஒரு வாரமா சால்டர் பண்ணி முடிச்சேன். கில் த பிட்னு ஓடற லைட்ட அணைக்கற கேம் உள்ளயே இருக்கு, ஆக்ஸ்1 சுவிட்ச தட்டுனா வந்துரும், ஆனா கையால போட்டாத்தானே மரியாதைனு அந்த கேமோட 24 பைட்டையும் சுவிட்ச் சுவிட்சா தூக்கி டெப்பாசிட் நெக்ஸ்ட் (போட்ட பைட்ட அடுத்த மெமரி இடத்துல எழுதற சுவிட்ச்) அடிச்சேன். ரன் போட்டா பிட்டு ஓடல, அட்ரஸ் லைட்டெல்லாம் கன்னாபின்னானு மினுக்குது. ஒரு மணி நேரம் போச்சு. கடைசில பாத்தா 303க்கு (இந்த அட்ரஸுக்குத் தாவுங்கற கட்டளை, எல்லாம் ஆக்டல் எண்) அப்புறம் 010 000 வரணும், நான் 000 010 போட்ருக்கேன். 8080 சிப்புக்கு அட்ரஸோட கீழ்ப் பாதிதான் முதல்ல வரணும்னு தெரியும், தெரிஞ்சே தப்பு பண்ணேன்.

சரி பண்ணதும் ஒரே ஒரு சிவப்பு லைட்டு மேல் எட்டுல சுத்திச் சுத்தி ஓடுது. அதுக்குக் கீழ உள்ள சுவிட்ச சரியான நேரத்துல தட்டணும், தவறுனா இன்னொரு பிட்டு சேந்துக்கும். அரை மணி நேரம் தட்டுறேன், கூடிக்கிட்டேதான் போகுது. ரீசெட் பண்ணி மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்கிறேன், அம்மா காபியோட வந்து "என்னடா சீரியல் செட்டா, சாமி ரூம்ல போடேன்"னு சொல்லிக்கிட்டே ஒரு சுவிட்ச சட்டுனு தூக்கி இறக்குனாங்க. லைட்டு அவுட்டு. ஒரே தட்டு! இன்னும் ஆறல எனக்கு.

பழையபொட்டி:
நல்லாருக்கு, ஆனா அத ஆல்டேர்னு சொல்லாதீங்க ப்ளீஸ். உள்ள இருக்கறது அர்டுயினோ டியூங்கற இந்தக் காலத்து குட்டி போர்டு. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டைல வந்துச்சே, 256 பைட் மெமரியோட, அதுதான் ஆல்டேர்.

ஆக்டல்_அண்ணன்:
@பழையபொட்டி அந்த அட்டைல இருந்ததே காலி டப்பா பாஸ். ஒரிஜினல் வழியில தொலஞ்சு போச்சு, அவசரத்துக்கு வெறும் பொட்டிக்கு லைட்டு வச்சு படம் புடிச்சாங்க. அதுக்கு டியூ எவ்வளவோ மேல்.

என் கத பைடிபி-8, பழைய பிடிபி-8 கம்ப்யூட்டரோட நகல், உள்ள ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர். அக்யூமுலேட்டர் (கணக்கு விடை நிக்கற இடம்) வரிசைல ஒரு எல்ஈடிய திருப்பி வச்சுட்டேன், தெரியல. 7 வர வேண்டிய எடத்துல 3 காட்டுது. ரெண்டு நாள் என் கூட்டல் புரோகிராமத்தான் திட்டுனேன். கூட்டல் சரியாதான் இருந்துச்சு, 4க்கு உண்டான லைட்டுதான் எரியல.

கோயம்புத்தூர்க்காரன்:
எல்ஈடிக்கு ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போர்டுல வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் 2032 பட்டன் செல்லுல தொட்டுப் பாருங்க, நீள கால் பிளஸ். வச்சதும் ரெண்டு காலையும் ஒட்டாதீங்க, ஒரு கால் மட்டும் ஒட்டி, முன்பக்கம் திருப்பி வரிசை நேரா இருக்கானு பாத்து, கோணலா இருந்தா சூடு காட்டி நிமித்தி, அப்புறம் அடுத்த கால். பேனல் மூடறதுக்கு முன்னாடியே ராஸ்பெர்ரி பைய மாட்டி எல்லாம் எரியுதானு பாத்துருங்க. கழட்டி மாட்டற பொழப்பு வேண்டாம்.

என்கிட்ட இருக்கறது சி64 மினி, பழைய கமடோர் 64 கம்ப்யூட்டரோட குட்டி நகல். டப்பாவப் படிக்காமயே கொண்டாந்து வச்சேன், பொண்ணு அவ பேர அடிக்கறேன்னு அந்தக் குட்டி கீபோர்ட அழுத்தறா அழுத்தறா, அது சும்மா அச்சுங்க, அழுந்தாது! ஒண்ணும் பேசாம யூஎஸ்பி கீபோர்டு எடுத்துட்டு வந்தேன். ஸ்க்ரீன்ல 38911 பைட் ஃப்ரீனு (காலி மெமரி) வந்ததும் "அப்பா இது என்ன ஃபோன் நம்பரா"ங்கறா.

சுவிட்ச்சாமி:
நேத்து கரண்ட் போச்சு, 24 பைட்டும் போச்சு. மறுபடி அடிச்சேன். இப்ப நாலு பிட்டு ஓடுது, ஒண்ணும் சாக மாட்டேங்குது. அம்மாவக் கூப்ட்டா சீரியல் பாக்கணுமாம், வர முடியாதாம்.