ஒருநாள் அரை அங்குலம், மறுவாரம் ஒன்றரை அங்குலம்: .308 ரைபிளுக்கு முதன்முறையாகத் தோட்டா நிரப்புகிறவனின் ஐயம்

கேள்வி

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிள் ஒன்றைக் கடைத் தோட்டாக்களைக் கொண்டே மூன்று ஆண்டுகள் சுட்டுவிட்டு, சென்ற குளிர்காலத்தில்தான் பிரஸ், டை (சுட்ட உறையைப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு, காலிப்பர் எல்லாம் வாங்கித் தோட்டாக்களை நானே நிரப்பத் தொடங்கினேன். 168 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்) எடையுள்ள சியரா மேட்ச்கிங் குண்டு, வார்கெட் என்னும் வெடிமருந்து, ஒரே நிறுவனத்தின் பித்தளை உறைகள், ஒரே வகை பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) என்று எதையும் மாற்றாமல், கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் படியாக ஏழு அளவுகள் நிரப்பி, ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டாக்களை 100 கஜத்தில் சுட்டேன். நான்காம் அளவில் மூன்று துளைகளும் 0.6 அங்குலத்துக்குள் விழுந்தன, மற்றவை 0.8 முதல் 1.3 அங்குலம் வரை பரவியிருந்தன. என் ரைபிளுக்கு உகந்த அளவு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அதே அளவில் ஐம்பது தோட்டாக்களை நிரப்பிவிட்டேன். மறுவாரம் சுட்ட முதல் மூன்று குண்டுகளின் க்ரூப் (துளைகள் பரவிய அகலம்) 1.4 அங்குலம். தவறு தராசிலா, என் கையிலா, அல்லது நான் தேர்ந்தெடுத்த முறையிலா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

தராசிலும் கையிலும் தவறு இல்லாமலேயே இப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று குண்டுகளை வைத்து ஓர் அளவைத் தேர்ந்தெடுப்பது, மூன்று முறை நாணயத்தைச் சுண்டிவிட்டு அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று முடிவு கட்டுவதைப் போன்றது. உங்கள் ரைபிளின் உண்மையான சிதறலில் மூன்று குண்டு க்ரூப்பின் சராசரி ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.6, 1.4 ஆகிய இரண்டுமே அந்த ஒரே சிதறலிலிருந்து இயல்பாக வரக்கூடியவை. மருந்தின் அளவை மாற்றாமல் ஏழு க்ரூப் சுட்டிருந்தாலும், மிகச் சிறியது அரை அங்குலத்தையொட்டியும் மிகப் பெரியது ஒன்றரை அங்குலத்தையொட்டியும் அமைந்திருக்கும். நீங்கள் கண்டெடுத்தது உகந்த அளவு அன்று. ஏழு சீட்டுகளில் நல்லதாக விழுந்த ஒரு சீட்டு.

குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட க்ரூப் பெரிதாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று குண்டுக்குச் சராசரி ஓர் அங்குலம் தரும் ரைபிள், ஐந்து குண்டுக்கு ஏறத்தாழ 1.3 அங்குலமும் பத்துக் குண்டுக்கு 1.6 அங்குலமும் தரும். ஆகவே பத்துக் குண்டில் 1.5 அங்குலம் என்று ஒருவர் எழுதினால், மூன்று குண்டில் ஓர் அங்குலம் என்று பெருமைப்படுகிறவரைவிட அவருடைய ரைபிள் மோசமானது என்று கருத வேண்டாம்.

வேகமானியின் எண்களிலும் இதே பொறி இருக்கிறது. ஐந்து குண்டுகளின் வேகத்தை அளந்து, திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) நொடிக்கு 10 அடி என்று கருவி காட்டினால், உண்மையான மதிப்பு 6 முதல் 29 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே 95 விழுக்காட்டு நம்பகத்தோடு சொல்லக்கூடியது. அந்த ஒற்றை எண்ணைக் காட்டி மருந்தின் அளவை 0.1 கிரெயின் நகர்த்துகிறவர்களை வாரந்தோறும் ரேஞ்சில் பார்க்கிறேன். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் பிரைமர்களைக் கரைத்தேன்.

நான் செய்யச் சொல்வது இதுதான். ஏழு அளவுகளை இரண்டாகக் குறையுங்கள். இரண்டும் கையேட்டின் உச்ச அளவுக்குக் கீழே, அழுத்தத்தின் அறிகுறி எதுவும் தெரியாதவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டுகளை, குழல் ஆற இடைவெளி விட்டு, மாறிமாறிச் சுடுங்கள். விளிம்பில் உள்ள இரண்டு துளைகளை மட்டும் அளக்காமல், பத்துத் துளைகளின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுங்கள். அப்போது எந்தக் குண்டும் வீணாவதில்லை. இரண்டு அளவுகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லையென்றால், குறைந்த அளவை வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்விடுங்கள். சிதறலைப் பெரிதாகக் குறைப்பவை நல்ல குழலும் நல்ல குண்டும்தாம், மருந்தில் 0.3 கிரெயின் மாற்றம் அவற்றோடு போட்டியிடாது.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் துல்லியத்துக்கு முன்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சுட்ட உறை நீளும். .308 உறையின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 2.005 அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும். நீண்ட உறையின் வாய், குழலில் தோட்டா அமரும் அறையின் முனையில் இறுகிக் குண்டைக் கவ்விப்பிடிக்கும்போது, பாதுகாப்பான அளவில் நிரப்பிய தோட்டாவிலும் அழுத்தம் எகிறிவிடும். டையைச் சரிசெய்யும்போது உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னே போனால் போதும். அதற்கு மேல் தள்ளினால் சில முறை சுட்டதுமே அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து விரிசல் காணும்.

பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து அழுத்தத்தைக் கணிக்காதீர்கள். சில பிரைமர்கள் குறைந்த அழுத்தத்திலும் தட்டையாகும். போல்ட்டைத் தூக்கக் கை வலிப்பது, உறையின் அடியில் எஜெக்டரின் (சுட்ட உறையை வெளியே தள்ளும் ஊசி) பளபளப்பான தடம் விழுவது, கையேட்டில் சொன்னதைவிட வேகம் கூடுதலாகக் காட்டுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள். .308க்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. உங்கள் முகம் அதிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. குளிர்காலத்தில் நிரப்பிப் பார்த்த அளவை டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில் மறுபடியும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். வார்கெட் வெப்பத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காத மருந்துதான், ஆனாலும் மூடிய காருக்குள் வெந்துகிடந்த தோட்டாவைச் சுடாதீர்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் புட்டி மட்டுமே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்று மெய்ப்பிக்க நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

மூன்றாம் மறுமொழி

முதல் மறுமொழி எழுதிய நண்பர் ஏணிச் சோதனையை, அதாவது மருந்தைப் படிப்படியாகக் கூட்டிச் சுட்டு உகந்த அளவைத் தேடும் முறையை, முழுவதுமாகத் தள்ளிவிடுவதாகத் தோன்றுகிறது. கிரைட்டன் ஆடெட் அந்த முறையைப் பரப்பியது 100 கஜத்துக்காக அன்று. ஒவ்வோர் அளவிலும் ஒரே ஒரு குண்டை 200, 300 கஜத்துக்கு அப்பால் சுட்டு, அடுத்தடுத்த அளவுகள் எங்கே ஒரே உயரத்தில் விழுகின்றன என்று தேடுவதுதான் அதன் நோக்கம். 600 கஜப் போட்டிக்கு நிரப்புகிறவன் நான்; மேல்கீழ்ச் சிதறல்தான் எனக்கு எதிரி. எனக்கு அந்த முறை பலமுறை கைகொடுத்திருக்கிறது.

முதல் மறுமொழியாளர்

600 கஜத்தில் வேகம் முக்கியம் என்பதில் ஐயமில்லை. அங்கே நொடிக்கு 20 அடி வேறுபாடு குண்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்கிவிடும். 100 கஜத்திலோ அதே வேறுபாட்டின் விளைவு ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. என் கேள்வி ஒன்றுதான்: அதே ஏணியை மறுநாளும் சுட்டபோது, குண்டுகள் சேர்ந்து விழுந்த இடம் அதே அளவில் இருந்ததா? நான் நான்கு முறை சுட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் வேறுவேறு இடத்தைக் காட்டியது.

மூன்றாம் மறுமொழியாளர்

நேர்மையாகச் சொன்னால், ஒரே குழலில் இரண்டு முறை சுட்டுப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் செய்து பார்த்து எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே இரண்டு அளவுகளில் பத்துப் பத்துக் குண்டுகளை மாறிமாறிச் சுட்டேன். நான்காம் அளவு 1.5 அங்குலம், இரண்டாம் அளவு 1.4 அங்குலம், நடுப்புள்ளியிலிருந்து எடுத்த சராசரி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உறைகளை அளந்ததில் ஆறு உறைகள் 2.015ஐத் தாண்டியிருந்தன, அவற்றை வெட்டிவிட்டேன். இனிக் குண்டை இன்னும் வெளியே இருத்தி, குழலின் புரிக்கு (குழலினுள் சுருளாக வெட்டிய வரிகள்) அருகில் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?

முதல் மறுமொழியாளர்

இப்போது வேண்டாம். தோட்டா 2.800 அங்குல மொத்த நீளத்தில் உங்கள் மேகசினில் சரியாக அமர்கிறது. இந்தக் குண்டும் இருத்தும் ஆழத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாதது என்று பெயரெடுத்தது. இரண்டாம் அளவிலேயே இருநூறு தோட்டாக்களை நிரப்பி, படுத்த நிலையில் காற்றைக் கணித்துச் சுடப் பழகுங்கள்.