புதுப்பிப்பு: ரூஸ்வெல்ட் படையோட குதிரைங்க எங்க போச்சு?

1898-ல அமெரிக்கா ஸ்பெயினோட போர் போட்டப்போ, பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் கடற்படைத் துறை உதவிச் செயலாளர் வேலைய விட்டுட்டு, முதலாம் அமெரிக்க வாலண்டியர் குதிரைப்படைல லெப்டினன்ட் கர்னலா சேர்ந்தத பத்தி போன வாரம் எழுதியிருந்தேன்ல, அதுக்கு பாதி பேர் கேட்டது ஒண்ணுதான், குதிரைப்படைன்னு சொல்றீங்க, க்யூபால ஏன் எல்லாரும் நடந்தே போனாங்கன்னு.

காரணம் கப்பல்ல இடம் இல்ல, அவ்ளோதான். சான் அன்டோனியோல குதிரையோட பயிற்சி எடுத்து, ரயில்ல ஃப்ளோரிடா துறைமுகமான டாம்பா வந்து பார்த்தா ஆளுங்களுக்கே இடம் பத்தல, நாலு கம்பெனியையும் (ரெஜிமென்ட்டோட சின்னப் பிரிவுங்க) குதிரைங்களையும் அங்கயே விட்டுட்டு கிளம்பிட்டாங்க, ஆபீசர்ங்க குதிரை மட்டும்தான் ஏறிச்சு. ரூஸ்வெல்ட்டோட ரெண்டு குதிரைல ஒண்ணு க்யூபா கரைல இருக்குற டைகிரில இறக்கும்போதே கடல்ல மூழ்கிடுச்சு. மிச்சம் இருந்த 'டெக்சாஸ்' மேல உக்காந்துதான் ஜூலை 1 அன்னிக்கு, ஸ்பெயின் படை பிடிச்சு வச்சிருந்த கெட்டில் குன்றுல ஏறினாரு, அதுவும் உச்சிக்கு கிட்ட கம்பி வேலி வந்ததும் இறங்கி ஓட்டம். அதுக்குள்ள ரெஜிமென்ட் தலைவரா இருந்த லெனார்ட் வுட், அதவிட பெரிய பிரிவான பிரிகேடுக்கு தலைமை தாங்க போயிட்டதால ரெஜிமென்ட் இவர் கைல.

எனக்கு உறுத்துறது வேற. அதே குன்றுல 9-வது, 10-வது குதிரைப்படை கறுப்பின வீரர்களும் கூடவே ஏறினாங்க, பேப்பர்ல பேரு வந்தது பெரும்பாலும் இவருக்குத்தான். அமெரிக்காவோட உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் இவருக்கு எப்போ கிடைச்சுதுன்னும் கேட்டீங்கல்ல, அது 2001-லதான், செத்து 82 வருஷம் கழிச்சு.