ஸ்டேஜ் 2 ஏவிஎன்: எலும்பு கிராஃப்ட் பண்ணலாமா, நேரா ரீப்ளேஸ்மெண்ட்டா?

வெண்ணிலா:
தம்பிக்கு 34 வயசு. கிட்னிக்காக ஒரு வருஷம் ஸ்டீராய்டு எடுத்தான். அது நின்ன அடுத்த வருஷம் தொடை இடுக்குல வலி, தசைப்பிடிப்புன்னு தைலம் தேச்சிட்டு இருந்தோம், அப்புறம் சம்மணம் போட முடியல, நொண்டவே ஆரம்பிச்சுட்டான். எம்ஆர்ஐ எடுத்தா வலது இடுப்புல ஏவிஎன், அதாவது தொடை எலும்போட பந்து மாதிரி இருக்கற தலை ரத்தம் போகாம செத்துப்போறது, ஸ்டேஜ் 2. ஒரு டாக்டர் கோர் டிகம்ப்ரஷன் (எலும்புல துளை போட்டு உள்ள இருக்கற அழுத்தத்தக் கொறைக்கறது) பண்ணி, வேற இடத்து எலும்ப எடுத்து கிராஃப்ட் வைக்கலாம்ங்கறார். இன்னொருத்தர் எதுக்கு ரெண்டு ஆபரேஷன், பேசாம மூட்டையே மாத்திடுங்கங்கறார். யாராவது பண்ணிருக்கீங்களா?

ஊன்றுகோல்:
நான் பண்ணிருக்கேன், ஃபிபுலா கிராஃப்ட். கீழ்க்கால்ல வெளிப்பக்கம் இருக்கற ஒல்லி எலும்புல ஒரு துண்ட ரத்தக்குழாயோட எடுத்து, இடுப்புல செத்த எலும்ப சுரண்டி எடுத்த குழிக்குள்ள சொருகி, குழாய அங்க இருக்கற குழாயோட மைக்ராஸ்கோப்ல தைப்பாங்க. முட்டு கொடுத்த மாதிரி தாங்கும், ரத்தமும் போகும். எல்லாருக்கும் இது பண்ண மாட்டாங்க, பல பேருக்கு இடுப்பெலும்புல இருந்து சுரண்டி எடுத்த நல்ல எலும்பத்தான் வச்சு அடைப்பாங்க. உங்க டாக்டர் எதச் சொல்றார்னு கேளுங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. எனக்கு ஆறு வாரம் கால ஊனவே விடல, முழு வெயிட் போட ஆறு மாசம் ஆச்சு. கிராஃப்ட் எடுத்த கால்ல கட்டைவிரல் இன்னும் மடங்கியே நிக்குது, ஷூ போடறப்ப கடுப்பாகும். ஆனா மூட்டு என்னோடது.

பழைய பிசியோ:
வெண்ணிலாம்மா, பந்து உருண்டையா இருக்கா, அமுங்கிடுச்சா, அதான் மொத கேள்வி. ரிப்போர்ட்ல கொலாப்ஸ் (அமுங்கினது), கிரெசன்ட் சைன் (அமுங்க ஆரம்பிக்கறதக் காட்டற பிறை மாதிரி கோடு)னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. அமுங்கிட்டா கிராஃப்ட் வச்சு பெருசா பிரயோஜனம் இல்ல, அப்ப ரெண்டாவது டாக்டர் சொல்றதுதான் சரி. அமுங்கலன்னா, 34 வயசுல மாத்தற மூட்ட பின்னாடி ஒருதடவை திரும்ப மாத்த வேண்டி வரலாம், அதத் தள்ளிப்போடத்தான் இதெல்லாம். செத்த இடம் எவ்ளோ பெருசுங்கறதும் முக்கியம், பெருசா இருந்தா கிராஃப்ட் வச்சும் அமுங்கற கேஸ் உண்டு. கிராஃப்ட் ஒண்ணும் புது பரிசோதனை இல்ல, ஃபெமிஸ்டர்னு ஒரு சர்ஜன் 1949லயே எழுதிருக்கார். இன்னொண்ணு, ஸ்டீராய்டு கேஸ்னா இடது இடுப்பையும் கண்டிப்பா பாக்கணும்.

வெண்ணிலா:
இப்பதான் ரிப்போர்ட்ட எடுத்து பொறுமையா படிச்சேன். கொலாப்ஸ் இல்லன்னுதான் போட்டிருக்கு. ஆனா கடைசி வரில இடது பக்கமும் சின்னதா ஸ்டேஜ் 1ன்னு இருக்கு, எங்ககிட்ட யாருமே சொல்லல, அவனுக்கு அந்தப் பக்கம் வலியே இல்லயே?

பழைய பிசியோ:
ஸ்டேஜ் 1ல வலி இல்லாம இருக்கலாம், எக்ஸ்ரேலயும் தெரியாது. அடுத்த தடவை போறப்ப அந்த வரிய அடிக்கோடு போட்டு கொண்டு போங்க. வலது பக்கம் ஆபரேஷன் பண்ணா கொஞ்ச நாள் முழு வெயிட்டும் இடது கால்லதான் நிக்கும், அது தாங்குமான்னு மொதல்ல கேளுங்க.

வெண்ணிலா:
வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். தம்பிகிட்ட இன்னும் சொல்லல.