எஸ்விஎன் - கிட் மாற்றம்: ஒரு வரி திருத்தினால் 1,140 வரி மாறியதாகக் காட்டுகிறது

அரைப்புள்ளி:
எங்கள் எட்டு வருட ரெபோவை (கோடும் அதன் பழைய மாற்றங்களும் இருக்கும் களஞ்சியம்) எஸ்விஎன்னிலிருந்து, அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு, கிட்-எஸ்விஎன் என்ற கருவி வைத்து போன வாரம் மாற்றினேன். ஹிஸ்டரி, டேக் எல்லாம் பத்திரமாக வந்தது. திங்கட்கிழமை விண்டோஸ்காரர் ஒருத்தர் ஒரே ஒரு வரியைத் திருத்தி கமிட் போட்டார் (மாற்றத்தைப் பதிந்தார்). மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் 1,140 வரியும் மாறியிருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை! அவரே தொட்ட பில்ட் ஸ்கிரிப்ட் லினக்ஸில் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று படுத்துவிட்டது. ஷெல் பெயருக்குப் பின்னால் ஒரு தொப்பிக்குறி, ஒரு எம். வரிமுடிவைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங்கை எல்லாரையும் ட்ரூ ஆக்கச் சொன்னால் போதுமா?

பழைய ட்ரங்க்:
போதாதுங்க. அது அவரவர் மெஷின் செட்டிங். நாளைக்குப் புதுசாக ஒருத்தர் சேர்ந்தால் மறுபடியும் இதே கூத்துதான்.

அந்தத் தொப்பிக்குறி எம்தான் சிஆர், கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி. விண்டோஸ் எடிட்டர் வரிக்கடைசியில் சிஆரும், இன்னொரு குறியான எல்எஃப்பும் (சேர்த்து சிஆர்எல்எஃப்) போட்டுச் சேமித்திருக்கிறது. லினக்ஸுக்கு எல்எஃப் மட்டும்தான் வரிமுடிவு, அதனால் அந்த சிஆரையும் ஷெல் பெயரோடு சேர்த்துப் படிக்கிறது. எஸ்விஎன்னில் யாரோ புண்ணியவான் ஃபைலுக்கு ஃபைல் 'இஓஎல்-ஸ்டைல் நேட்டிவ்' ப்ராப்பர்ட்டி (வரிமுடிவை அந்தந்த மெஷினுக்கு ஏற்றபடி தருவது) போட்டு வைத்திருப்பார். கிட்-எஸ்விஎன் அதைக் கொண்டுவராது.

ரெபோவின் வேரில் கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல் (எந்த ஃபைலுக்கு எந்த வரிமுடிவு என்று கிட்டுக்குச் சொல்வது) வையுங்க. பொதுவுக்கு டெக்ஸ்ட்=ஆட்டோ, ஷெல் ஸ்கிரிப்ட்டுக்கு இஓஎல்=எல்எஃப், விண்டோஸ் பேட்ச் (.bat) ஃபைலுக்கு இஓஎல்=சிஆர்எல்எஃப். பிறகு 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' (ஃபைல்களை அந்த விதிப்படி மறுபடி சேர்க்கும்; கிட் 2.16 முதல் உண்டு). அந்தக் கமிட்டில் வேறு எதையும் கலக்காதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். அதன் ஹேஷை (கமிட்டின் அடையாள எண்) 'இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல்' வழியாக, எந்த வரியை யார் மாற்றினார் என்று காட்டும் பிளேமுக்குக் கொடுத்தால், எல்லா வரியும் உங்கள் தலையில் விழாது. இதற்கு கிட் 2.23 வேண்டும்.

இரட்டைக்கோடு:
அதற்கு முன்னால் 'எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்' ஓட்டிப் பாருங்க, எந்த ஃபைலில் எந்த வரிமுடிவு என்று காட்டும். ப்ராப்பர்ட்டி இல்லாத ஃபைல்கள் எஸ்விஎன்னிலேயே வந்தபடி கிடந்திருக்கும். வேலை முடியாத பிராஞ்சுகளை (தனியாக ஓடும் கிளைகள்) மெர்ஜ் செய்து இணைக்கும்போது 'எக்ஸ் ரீநார்மலைஸ்' ஆப்ஷன் கொடுங்க, இல்லாவிட்டால் ஃபைல் முழுக்க கான்ஃப்ளிக்ட் (மோதல்)தான்.

அரைப்புள்ளி:
ஓட்டினேன். 37 ஃபைல் 'மிக்ஸ்டு'. ஒரே ஃபைலுக்குள் மேல் பாதி எல்எஃப், கீழ் பாதி சிஆர்எல்எஃப்! ரீநார்மலைஸ் செய்ததும் டிஃப் அடங்கியது, ஆனால் புதிதாக ஒரு டெஸ்ட் விழுந்தது. வேண்டுமென்றே சிஆர்எல்எஃப்போடு வைத்த மாதிரி ஃபைல், அதன் செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை. பழையபடி எடுத்துப் போட்டு, ஆட்ரிப்யூட்ஸில் அதற்கு மட்டும் டெக்ஸ்ட்டுக்கு முன்னால் ஒரு மைனஸ் (வரிமுடிவைத் தொடாதே என்று அர்த்தம்) போட்டேன். பாஸ். இன்னும் இரண்டு பிராஞ்ச் பாக்கி.