டிஷ்ஷுக்கு ஹெச்டி, ஆப்புக்கு ஹெச்டி, கேபிளுக்கு மட்டும் ஏன் இல்லை?

பாம்பன் அலை:
நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஓடுகிற தமிழ் சேனல் ஒன்று, பெயர் வேண்டாம். டிஷ் வைத்திருப்பவருக்கு அதன் ஹெச்டி, அதாவது தெளிவான படம், வருகிறது, சேனலின் சொந்த ஆப்பிலும் வருகிறது, கேபிள் போட்டிருக்கும் எங்களுக்கு மட்டும் எஸ்டி, பழைய சாதாரணத் தரம். என் வீட்டில் இருப்பது ஹெச்டி பாக்ஸ், டிவி 43 இன்ச், கூடுதல் காசு கொடுக்கவும் தயார், ஆனாலும் கிடையாது. கேபிள்காரரைக் கேட்டால் சேனல்காரன் தரவில்லை என்கிறார், சேனலுக்குப் போன் போட்டால் உங்கள் ஆபரேட்டரைக் கேளுங்கள் என்று வைத்துவிடுகிறார்கள். 2025 ஏப்ரல் 6, புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்று, நம் வாசலில் நிற்கும் பாலத்தின் தூக்குப் பகுதி டிவியில் கலங்கலாகத்தான் தெரிந்தது. எஸ்டியில் 720க்கு 576 புள்ளி, ஹெச்டியில் 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், ஐந்து மடங்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டே தர மறுக்கிறார்கள்.

தொண்டி வடக்குத் தெரு:
அலை அண்ணே, கோபம் சரி, ஆனால் சேனல் மேல் பாய்வது சரியில்லை. டிவி, போன் துறையைக் கட்டுப்படுத்தும் டிராய் ஆணையம் 2017இல் போட்ட இன்டர்கனெக்ஷன் விதிப்படி எம்எஸ்ஓ, அதாவது சேனல்களிடம் சிக்னல் வாங்கித் தெரு ஆபரேட்டர்களுக்குக் கொடுக்கும் கம்பெனி, எழுத்தில் கேட்டால் 60 நாளுக்குள் சேனல் சிக்னல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், இவனுக்கு உண்டு அவனுக்கு இல்லை என்று பிரிக்கவும் கூடாது. பாக்கி வைத்திருக்கும் எம்எஸ்ஓவுக்கு மறுக்கலாம். ஆகவே ஹெச்டி வரவில்லை என்றால் உங்கள் எம்எஸ்ஓ கேட்கவே இல்லை, அல்லது பணம் கட்டவில்லை.

கீழக்கரை கேபிள்:
நான் ஆபரேட்டர். எம்எஸ்ஓ கன்ட்ரோல் ரூமில் இருந்து ஃபைபரில் வருவதைத்தான் தெருவுக்குள் இழுக்கிறேன். எங்கள் எம்எஸ்ஓ கேட்காமல் இல்லை. சேனல் விலையில் 20 சதவீதம் விநியோகக் கட்டணமாக எம்எஸ்ஓவுக்கு வர வேண்டும், அதற்கு மேல் 15 சதவீதம் வரை சேனல் தள்ளுபடி கொடுக்கலாம், இதுதான் விதி. அந்தத் தள்ளுபடி வேண்டுமென்றால் ஒரு சேனல் போதாது, எங்கள் ஹெச்டி சேனல்கள் சேர்ந்த பேக் முழுவதையும் இத்தனை பாக்ஸில் ஓட்டிக் காட்டுங்கள் என்று சேனல்காரர்கள் சொன்னார்களாம். எல்லார் பில்லிலும் அதை ஏற்றினால் ஏர்வாடியிலும் மூக்கையூரிலும் கடலுக்குப் போய் வருகிறவர் முதலில் என்னைத்தான் பிடிப்பார். போன மாதம் 20 ரூபாய் ஏறியதற்கே எத்தனை வீட்டில் பதில் சொன்னேன் தெரியுமா.

தொண்டி வடக்குத் தெரு:
பாய், நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவர்கள் தரமாட்டேன் என்று சொல்லவில்லை, தள்ளுபடி தரமாட்டேன் என்றார்கள். இரண்டும் ஒன்றா? ஒவ்வொரு சேனலையும் தனியாக விற்க வேண்டும் என்பதும் விதி. பேக்கில் சேர்க்கும் சேனலுக்கு உச்ச விலை 19 ரூபாய் என்று 2022 நவம்பரில் டிராய் வைத்தது, ஜிஎஸ்டி சேர்த்தால் 22.42. வேண்டும் என்கிற வீட்டுக்கு மட்டும் அந்த விலைக்குக் கொடுங்கள், 20 சதவீதம் உங்கள் பக்கம் வந்துவிடும். இன்னொன்று, ஒரு ஹெச்டி சேனல் பிடிக்கும் இடத்தில் மூன்று நான்கு எஸ்டி ஓட்டலாம். உங்களுக்குக் காசு கொடுத்துக் கேபிளில் ஏறுகிற, யாரும் பார்க்காத சேனல்களுக்கு இடம் இருக்கிறது, நாங்கள் கேட்கிற ஒன்றுக்கு இல்லையா?

ஏர்வாடி ராஜா:
எதற்கு இவ்வளவு சண்டை? கேபிளை வெட்டிவிட்டு டிஷ் போடுங்கள், இல்லையென்றால் ஃபைபர் எடுத்து ஆப்பில் பாருங்கள்.

தங்கச்சிமடம் மேரி:
தம்பி, நாங்கள் டிஷ்தான் வைத்திருந்தோம். உப்புக் காற்றில் தாங்கு கம்பி துருப்பிடித்து, கச்சான் அடிக்கும் மாதங்களில் திசை மாறி, வாடை மழை இறங்கினால் சிக்னலே போய், புயல் செய்தி பார்க்க வேண்டிய நேரத்தில் நீலத் திரை. அதனால்தான் கேபிளுக்கு வந்தோம். வீட்டுக்காரர் படகில் போகிறவர். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டவுடன் டிவியில் வரைபடத்தைத்தான் பார்ப்பேன், எஸ்டியில் தாழ்வு மண்டலம் எங்கே நிற்கிறது என்கிற எழுத்தே படிக்க முடிவதில்லை. ஆப் என்கிறாய், மாமியாருக்கு ரிமோட்டில் நம்பர் அமுக்க மட்டும்தான் தெரியும், மழை நாளில் நெட்டும் நிற்காது.

பாம்பன் அலை:
அக்கா சொன்னதுதான் விஷயம். நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் டிஷ் வாங்கு, ஆப்புக்குச் சந்தா கட்டு என்று தள்ளுகிறார்கள். தொண்டி அண்ணே, விதி இருப்பது எனக்கும் தெரியும், ஆனால் அதை மீறினால் எங்கே போவது? டெல்லியில் இருக்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்கு, இந்தத் தகராறுகளை விசாரிப்பது அதுதான். சின்ன எம்எஸ்ஓ வக்கீல் வைத்து அங்கே நிற்பானா? 2023 பிப்ரவரியில் விலைத் தகராறில் பெரிய சேனல் கம்பெனிகள் பல கேபிள் நெட்வொர்க்குகளுக்குச் சிக்னலையே நிறுத்தியபோது விதியும் இருந்தது, கோர்ட்டும் இருந்தது, பணம் கட்டிய வீட்டில்தான் திரை கறுத்தது. கிரிக்கெட்டிலும் இதே கதை. தனியார் சேனலிடம் இருந்து தூர்தர்ஷனுக்கு வரும் முக்கியமான ஆட்டத்தின் ஒளிபரப்பைக் கேபிள் வழியாகக் காட்டக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, தூர்தர்ஷனின் இலவச ஃப்ரீ டிஷ் வைத்தவர் அதைப் பார்க்கலாம், கேபிள் வீடு தூர்தர்ஷனில் பார்க்க முடியாது. உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினியை இழுத்துப் பார்த்த கடற்கரை இது, படத்துக்காக நாம் மெனக்கெடாதவர்கள் இல்லை.

தொண்டி வடக்குத் தெரு:
கிரிக்கெட் வேறு வழக்கு, உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவனின் கேள்வி அது, இதில் கலக்காதீர்கள். 2023இலும் முழுத் தப்பும் சேனல்மேல் இல்லை, புதிய விலைக்கு ஒப்பந்தம் போடாமல் இழுத்தது கேபிள் பக்கம்தான்.

கீழக்கரை கேபிள்:
விலை ஏறினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்றுதான் இழுத்தார்கள். தனியாக விற்கச் சொல்கிறீர்கள், என் லைனில் முக்கால்வாசி இன்னும் எஸ்டி பாக்ஸ். புதுப் பாக்ஸ் செலவை வீட்டுக்காரர் தலையிலும் வைக்க முடியாது, என்சிஎஃப் என்கிற மாத இணைப்புக் கட்டணத்தில் எனக்கு வரும் பங்கில் நானும் போட முடியாது.

பாம்பன் அலை:
ஹெச்டி பாக்ஸ் இருக்கிற வீட்டுக்காவது வரட்டும் பாய். ஒன்று கேட்கிறேன். எம்எஸ்ஓ எந்தத் தேதியில் எழுத்தில் கேட்டார், சேனல் என்ன பதில் போட்டது, இரண்டின் நகலும் வாங்கித் தாருங்கள். 60 நாள் தாண்டியிருந்தால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆட்களிடம் கையெழுத்து வாங்கி டிராய்க்கு அனுப்புகிறேன்.

கீழக்கரை கேபிள்:
கேட்டுப் பார்க்கிறேன். தருவார்கள் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தொண்டி வடக்குத் தெரு:
பாக்கி இல்லை என்பதற்கான கணக்கையும் சேர்த்து வாங்குங்கள் பாய். அது சரியாக இருந்தால் தொண்டியில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.