முத்துலட்சுமி ரெட்டி சரி, நாகரத்தினம்மாள் தப்பா?

மருதாணி:
போன வாரம் திருவையாறு போயிருந்தேன். தியாகராஜர் சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் தேவதாசிக் குலத்தில் பிறந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலையைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. தன் சொத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பியவர். தியாகராஜருக்காக அங்கே வருடாவருடம் நடக்கும் ஆராதனை இசை விழாவில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். 1927ல் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். அதே வருடம் சென்னை சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். தேவதாசிகள் சங்கம் கூடி எதிர்த்து மனு கொடுத்தது. அதிலும் முன்னால் நின்றவர் நாகரத்தினம்மாள். படித்த, சம்பாதித்த, சொத்துரிமை இருந்த பெண்களை ஒரே அடியில் "ஒழுக்கம் கெட்டவர்கள்" ஆக்கியதைச் சீர்திருத்தம் என்று எப்படி ஏற்பது?

செங்கமலம்:
மருதாணி, நாகரத்தினம்மாள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பொட்டுக்கட்டும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு? ஒரு சிறுமியிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? முத்துலட்சுமி வெளியிலிருந்து வந்து உபதேசம் செய்தவரும் இல்லை. அவருடைய அம்மா சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதே சமூகம்தான். ஊர் ஊராகப் போய் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். அவர்களும் பாதிக்கப்பட்டவர்களின் குரல் இல்லையா?

அப்புறம் சொத்து. 1929 சட்டத் திருத்தம் என்ன சொன்னது? கோயில் ஊழியம் செய்யாவிட்டாலும் அந்த ஊழியத்துக்காகத் தரப்பட்ட மானிய நிலம் அந்தப் பெண்ணுக்கே என்றது. பிடுங்கவில்லை, கொடுத்தது.

காவிரிக்கரை:
காகிதத்தில் கொடுத்தது, அக்கா. எங்கள் பாட்டியின் அக்கா கோயிலில் ஆடியவர். ஊழியம் நின்றதும் "பொம்பளைக்கு எதுக்கு நிலம்" என்று அண்ணன் தம்பிகள் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அவரிடம் மிஞ்சியது ஒரு ஜோடி சலங்கை. அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார். சத்தம் கேட்டுவிடும் என்று யாரையும் தொட விட மாட்டார். சட்டம் எழுதியவர்கள் வீட்டு ஆண்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மருதாணி:
இதைத்தான் சொல்ல வந்தேன். 1931ல் சென்னை மியூசிக் அகாடமியில் தேவதாசிக் குடும்பத்துக் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1935ல் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ருக்மிணி தேவி மேடை ஏறினார். தேவதாசிகள் ஆடியபோது சதிர் என்று இகழப்பட்ட ஆட்டம் பரதநாட்டியமாகிப் பெரிய வீட்டுப் பெண்களின் பெருமை ஆனது. கற்றுக்கொடுத்த குடும்பங்களோ ஒதுங்கிப் போயின.

செங்கமலம்:
காவிரிக்கரை, உங்கள் பாட்டி வீட்டுக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஓட்டையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலையைக் கைமாற்றியது சபாக்கள்; அந்தப் பழியை முத்துலட்சுமி மேல் போடாதீர்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ளாத பெண்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவர். 1930ல் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அதே வருடம் காந்தி கைதானதும் சட்டசபைப் பதவியை உதறினார். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்ய அவர் கொண்டுவந்த மசோதா கிடப்பில் போனது. சட்டம் வந்தது 1947ல். இடையில் பதினேழு வருடம். அத்தனை வருடமும் பொட்டு கட்டப்பட்ட சிறுமிகளிடம் நாகரத்தினம்மாளின் மனுவைக் காட்டி என்ன சொல்வீர்கள்?

மருதாணி:
அந்தச் சிறுமிகளுக்குத் தடைச்சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மனு கொடுத்த பெண்களையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு அதை எழுதியிருந்தால், காவிரிக்கரை வீட்டு நிலத்தைக் காப்பாற்ற ஒரு வரியாவது அதில் சேர்ந்திருக்கும்.